தேய்க்காத தொட்டி

என் வேலை தேய்ப்பது.
பதினொரு தொட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம்.
கலீசியாவின் தூறல்
தகரக் கூரையை ஓயாமல் விசாரித்துக்கொண்டிருக்கும்
மீன் பொரிப்பகத்தில்
நைலான் தூரிகையும் முழங்கை வரை கையுறையுமாய் நான்.

டர்போட் குஞ்சுகள் கண்ணாடித் துணுக்குகள்.
பிறக்கையில் எல்லா மீனையும் போலத்தான்,
இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்.
மூன்றாம் வாரம் கடந்ததும்
வலக்கண் வீட்டைக் காலி செய்துகொண்டு
நெற்றி மேட்டைத் தாண்டி நடக்கத் தொடங்கும்
இடக்கண்ணின் பக்கத்தில் குடியேற.
அது போய்ச் சேரும்வரை
குஞ்சு சாக நூறு வழி.

அந்த வருடம் ஒரே வழி. விப்ரியோ.
காலையில் ஐந்தாம் தொட்டி மங்கலாக இருக்கும்,
மதியம் அடியில் வெள்ளைத் தூசி.
தூசி என்கிறேன்.
முப்பதாயிரம் குஞ்சுகள்,
உறிஞ்சுகுழாயால் நான்தான் எடுத்தேன்.

"இன்னும் சுத்தம் வேண்டும்" என்றார் மேலாளர் பெர்மூய்.
ஒவ்வொரு ஈட்டுக்கு முன்னும் குளோரின் கூடியது,
வேலை நேரம் நீண்டது,
சம்பளம் நீளவில்லை.
தேய்த்தேன். சுவர்கள் பல்லைக் காட்டிப் பளபளத்தன.
அந்தப் பளபளப்பில் முதலில் வந்து குடியேறியதும்
விப்ரியோதான்.

ஏழாம் தொட்டியை நான் தேய்க்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்.
மறக்கவில்லை.
மார்ச் பதினாறு, என் நேரம் முடிந்து
நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.
தூரிகையை ஆணியில் மாட்டினேன்,
தாளில் ஏழுக்கு நேரே டிக் போட்டேன்,
கடைசி பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கினேன்.

ஆறு செத்தது. எட்டு செத்தது.
நடுவில் ஏழு,
சுவரெல்லாம் தேநீர்க் கறையாய்ப் பழுப்பேறி
தொட்டால் விரல் வழுக்கும் வழுவழுப்போடு.
உள்ளே
கண்கள் நடந்துகொண்டிருந்தன.

விகோவிலிருந்து நொயேலா பல்தார் வந்தாள்,
கையில் பஞ்சுக் குச்சி, மூக்கில் சளி.
மீனைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் தடவினாள்.
நாலாம் நாள் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள்.
தட்டு முழுக்க விப்ரியோ,
மூச்சுப் பட்ட ஜன்னல் மாதிரி.
நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு,
பொட்டைச் சுற்றி வெற்று வளையம்,
யாரும் கால் வைக்கத் துணியாத தரை.

நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னாள்.
ஒரு முனையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
வட்டம் வட்டமாக நுண்ணுயிர்கள்.
பூ என்றுதான் சொல்ல வருகிறது,
ஆனால் பூவின் சாதுத்தனம் அதில் இல்லை.
முன்னமே துண்டு போட்டு இடம் பிடித்தவை அவை.
பிறகு ஏறியவன்
நின்றுகொண்டே வந்து இறங்கிப் போக வேண்டியதுதான்.

"ஏழில் மட்டும் என்ன வேறாகச் செய்தீர்கள்?"
"எல்லாம் ஒரே மாதிரிதான்" என்றார் பெர்மூய்,
"டிக் இருக்கிறது பாருங்கள், சபேலாவின் கையெழுத்து."

தாளில் அந்த டிக்
என்னைவிட நேர்மையாக நிமிர்ந்து நின்றது.
வாய் திறக்காமல் இருந்தால்
அடுத்த வாரம் ஏழையும் தேய்க்கச் சொல்வார்கள்.
தேய்ப்பேன். நன்றாகத் தேய்ப்பேன்.

"ஒன்றும் செய்யவில்லை" என்றேன்.
"அதாவது... ஒன்றுமே."

நொயேலா சிரித்ததில் தும்மல் வந்துவிட்டது.

இப்போது குளோரினுக்குப் பிறகு
பழுப்புத் தண்ணீர் ஒரு கேன் ஊற்றுகிறேன்,
சுவரில் அது ஒட்டிப் பிடிக்கும்வரை காத்திருக்கிறேன்,
அப்புறம்தான் குஞ்சுகள்.
எல்லாம் பிழைப்பதில்லை.
முன்பு நூற்றுக்குப் பத்து, இப்போது முப்பது சொச்சம்.
போன மாதம் இரண்டாம் தொட்டி
ஏனென்று சொல்லாமலே போனது.

என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது,
கடமை தவறியதற்கு.
நுண்ணுயிர் வளர்க்கும் கலனுக்கு உத்தரவிட்ட அதே நாளில்
அதே பேனாவால் பெர்மூய் போட்ட கையெழுத்து.

அந்த நாற்பது நிமிடத்துக்கான பணம்
இன்னும் வரவில்லை.